ஐந்து பேருக்கு ஒரே இரத்தம்

பெத்ரா நெக்ரா என்ற மீனவ ஊரின் காற்றைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ஒரு ஞாயிறு அது பாதிரியாரின் பிரசங்கத்தைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போய் வடக்கே ஸ்பெயின் கரையில் போட்டது. அங்கே இரண்டு பேர் குடியை விட்டார்கள். பெத்ரா நெக்ராவில் ஒருவரும் விடவில்லை. அவர்கள் காதில்தான் விழவில்லையே.

அப்படிப்பட்ட காற்றில் கடலுக்குப் போகிறவர்கள் வேண்டுதல் இல்லாமல் போக முடியாது. படகு உயிரோடு கரை சேர்ந்தால் மாதா கோயிலை முழங்காலால் சுற்றி வர வேண்டும். ஆனால் படகில் போன எல்லோரும் சுற்ற வேண்டியதில்லை. ஒருவன் சுற்றினால் போதும், படகே சுற்றியதாக மாதா ஏற்றுக்கொள்வாள். ‘மாதாவின் பொறுமை’ என்ற படகில் அந்த ஒருவன் எப்போதும் பெல்மிரோதான். அவன் முழங்கால்கள் அவ்வளவு கெட்டி. கோயிலைச் சுற்றியிருக்கும் கருங்கல் தளத்தில் ஒரு வாய்க்கால் விழுந்திருக்கிறது. மழைக்காலத்தில் அதில் வாத்துகள் நீந்தும்.

படகை நடத்தும் தண்டல் அவுரேலியோ, பெல்மிரோவுக்குத் தாய்மாமன் மகன். மற்ற மூவரும் அவுரேலியோவின் சித்தி பிள்ளைகள். அவர்களில் மூத்தவன் செஃபெரினோ. இளையவர்கள் இருவரும் எதைக் கேட்டாலும் ஒரே நேரத்தில் பதில் சொல்வதால் தனித்தனிப் பெயர் வைத்தும் பயனில்லாமல் போயிற்று. ஊரே அவர்களைத் ‘தம்பிமார்’ என்றது.

அவுரேலியோவின் அம்மாவையும் சித்தியையும் கொண்டுபோனது ஒரே நோய். அந்தக் கரையில் அதைச் ‘சின்னப் பாதம்’ என்பார்கள். கால்விரல் நுனியில் தொடங்கும். முதலில் சூடு தெரியாது, பிறகு வலி தெரியாது, பிறகு தரையே தெரியாது. பாதம் தொங்கிப்போய், சேற்றில் நடக்கிற கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வயிறு, கடைசியில் இதயம். அவுரேலியோவின் அம்மா ஒருநாள் பூசைக்குப் போனபோது வழியிலேயே ஒரு செருப்பு கழன்று விழுந்துவிட்டது. கோயில் வாசலில் யாரோ இரத்தத்தைக் காட்டிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

இது அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிற நோய் என்பது ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பெல்மிரோவின் அம்மா அவுரேலியோவின் அப்பாவோடு பிறந்தவள். அந்தப் பக்கம் யாருக்கும் நோய் கிடையாது. அவன் அப்பா தெற்கே வேறொரு கரையிலிருந்து வந்து, கல்யாணமான சில வருடங்களில், தாடி சரியாக முளைப்பதற்குள் கடலில் போய்விட்டவர். ஆகவே அந்தப் படகில் சுத்தமான இரத்தம் என்றால் பெல்மிரோவின் இரத்தம். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவனுக்கும்தான்.

போர்ட்டோ நகரத்திலிருந்து டாக்டர் லுக்ரேசியா வந்தது அந்த வருடத்து மத்தி சீசன் தொடங்குவதற்கு முன்னால். மீன் ஏலக்கூடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினாள். கல்லீரல் ஒரு புரதம் செய்கிறதாம். அதன் பெயர் டிரான்ஸ்தைரெட்டின். அந்தப் பெயரைக் கேட்டதும் பின்வரிசையில் ஒரு கிழவருக்கு விக்கல் வந்து சாயங்காலம் வரை நிற்கவில்லை.

“நாலு பேர் கைகோத்து நிக்கிற மாதிரி அந்தப் புரதம் ரத்தத்துல போகுது,” என்றாள் டாக்டர். “உங்க சொந்தக்காரங்க சில பேருக்கு அந்த நாலுல கோளாறு. பிடி விட்டுருது. பிரிஞ்சுபோன துண்டுங்க நரம்புல போய் அடைஞ்சுக்குது. கால் மரத்துப்போறது அதனாலதான்.”

“நாலு பேருல ஒருத்தன் குடிகாரன்னா வலை கை நழுவிரும். அவ்வளவுதானே டாக்டரம்மா?” என்றான் அவுரேலியோ.

“அவ்வளவுதான். இப்ப ஒரு மாத்திரை வந்திருக்கு. அது நடுவுல போய் உக்காந்து நாலு பேரையும் சேத்துப் பிடிச்சுக்கும். இன்னும் சோதனையிலதான் இருக்கு. யாருக்குக் கோளாறுன்னு ரத்தத்துல தெரியும். மாத்திரை பிடிக்குதா, நழுவுதான்னும் ரத்தத்துல அந்தப் புரதம் எவ்வளவு இருக்குன்னு பாத்தா தெரியும். பிடிச்சா ஏறும், நழுவினா இறங்கும். ரத்தம்தான் எனக்குக் கண்ணு. அதுல ஒரு துளி பொய் கலந்தாலும் மொத்தப் பேரையும் சோதனையிலேர்ந்து எடுக்க வேண்டி வரும். அதை இப்பவே சொல்லிடறேன்.”

யார் பெயரும் வெளியே போகாது என்றும் சொன்னாள். அதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. கால் சரியில்லாதவனைத் துறைமுக அதிகாரி கடலுக்கு விடமாட்டார். வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. வராத குடும்பத்தின் பெயரைப் பலிபீடத்தில் நின்று படிப்பதாகப் பாதிரியார் சொல்லியிருந்தார். அன்று பார்த்துக் காற்றும் இல்லை.

படகுக்காரர்கள் ஐவரும் மதுக்கடையில் முட்டைக்கோஸ் சூப்பும் சோள ரொட்டியுமாக உட்கார்ந்தார்கள்.

“பெல்மிரோ குடுக்கட்டும்,” என்றான் அவுரேலியோ.

“எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே மச்சான். நான் குடுத்து என்ன ஆகப்போவுது?”

“அதனாலதான்டா. அஞ்சு பேருக்கும் நீயே குடு. அஞ்சும் சுத்தம்னு வரும். டாக்டரம்மா வேற ஊரைப் பாத்துப் போயிரும். முட்டி போட்டப்ப எங்களுக்கும் சேத்துத்தானே போட்ட? மாதாவே ஏத்துக்கிச்சு. போர்ட்டோக்காரி ஏத்துக்க மாட்டாளா?”

செஃபெரினோ ரொட்டியைச் சூப்பில் முக்கியபடியே, “ரத்தம் எடுக்கற நர்சம்மாவுக்கு மூஞ்சி தெரியாதா அண்ணே?” என்றான்.

“அந்தம்மா ஊருக்குப் புதுசு. நம்ம மூஞ்சி எல்லாம் ஒரே அச்சுதான். அவங்கவங்க பொண்டாட்டிக்கே சந்தேகம்.”

“எங்களுக்குக் கல்யாணம் ஆகலையே,” என்றார்கள் தம்பிமார்.

ஏலக்கூடத்தின் ஐஸ் அறையில்தான் இரத்தம் எடுத்தார்கள். முன்கதவால் போய்ப் பின்கதவால் வெளியே வர வேண்டும். பெல்மிரோ முதலில் தன் பெயருக்குக் கொடுத்தான். பிறகு அவுரேலியோவின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கை மாற்றிக் கொடுத்தான். மூன்றாவது முறை மீசையை எடுத்துவிட்டான். நான்காவது முறை விந்தி விந்திப் போனான். கடைசி முறை மீசை மறுபடி முளைத்திருந்தது. அந்தக் கரையின் உப்புக் காற்றில் அது ஒன்றும் அதிசயமில்லை. “இந்த ஊர்ல எல்லாருக்கும் கை ஏன் இப்படி ஊசி குத்தின மாதிரியே இருக்கு?” என்று மட்டும் நர்ஸ் கேட்டாள். மீன் முள் என்றான் பெல்மிரோ.

சில வாரம் கழித்து டாக்டர் ஐவரையும் ஒன்றாக உட்காரவைத்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வைன் என்றான் அவுரேலியோ. அவள் சிரிக்கவில்லை.

“அஞ்சு பேருக்கும் கோளாறு இருக்கு,” என்றாள்.

நாலு தலைகள் மெதுவாகத் திரும்பி பெல்மிரோவைப் பார்த்தன. டாக்டர் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டாள். துக்கம்தான். ஆனால் தம்பிமாரின் முகத்தில், துக்கத்துக்குக் கீழே, மூச்சு விட்ட மாதிரி ஒன்று வந்து போனதைப் பெல்மிரோ பார்த்தான். அவர்கள்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. அவன் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தான். நாற்பது வயது வரை இருந்திருந்தால் அந்த மனிதரும் தெருவில் கொக்கு மாதிரி நடந்திருப்பார், எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கடல் அவசரப்பட்டுவிட்டது. கரையோரக் கல்லறையில் பெயர் மட்டும் உள்ள எத்தனையோ பேர் அப்படி நல்ல காலோடு போனவர்கள். அவர்கள் எதை விட்டுப் போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அடோசிண்டா, அவன் மனைவி, அன்று மீன் சுத்தம் செய்துகொண்டே விஷயத்தைக் கேட்டாள். கத்தி நிற்கவில்லை.

“யோவ், நமக்குப் புள்ள இல்லைன்னு எத்தனை மெழுகுவத்தி ஏத்தியிருப்பேன். இன்னிக்குப் போய் நன்றி சொல்லிட்டு வரணும்,” என்றாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, செதில் ஒட்டிய கையோடு அவன் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். “மத்தவங்களுக்கு என்னவாம்?”

“அது யாருக்கும் தெரியாது. அவங்க ரத்தத்தை யாரு பாத்தா?”

மாத்திரைகள் ஐவர் பெயருக்கும் வந்தன. பெல்மிரோ தன்னுடையதை விழுங்கிவிட்டு அவுரேலியோவிடம் கெஞ்சினான். “இப்பவாவது நீங்க நாலு பேரும் நிஜமா ரத்தம் குடுங்க மச்சான். உங்கம்மா போனதைப் பாத்தவன்தானே நீ?”

“பாத்தவன்கிறதாலதான் வேணாங்கிறேன். தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்றது? அதோட, இப்பப் போய்ச் சொன்னா அந்தம்மா உன்னையும் சேத்து வெளிய அனுப்பும். கிடைச்சது உனக்கு. கெட்டியாப் பிடிச்சுக்க. வேணும்னா எங்களுதையும் நீயே தின்னு.”

“கூடுதலாத் தின்னா கூடுதலாக் குணமாவாதாம்.”

அதனால் நாலு பேரின் மாத்திரைகளும் தினமும் துறைமுகத் தண்ணீரில் போயின. அந்தப் பருவத்தில் பெத்ரா நெக்ராவின் நண்டுகள் எல்லாம் நேராக நடந்தன என்று சொல்பவர்கள் உண்டு. அது மிகை. ஒரு நண்டுதான்.

இரத்தம் எடுக்க வரும்போதெல்லாம் பெல்மிரோவே ஐந்து பேராகப் போனான். புரதம் ஏறியிருந்தது, மாத்திரை பிடித்திருந்தது. டாக்டருக்கு அவர்கள்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. “இந்த மாதிரி ஒழுங்கான ஆளுங்களை நான் பாத்ததே இல்ல. அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி ஏறுது,” என்றாள். பாதத்தில் ஊசியால் தொட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் ஒவ்வொருவனும் தானே நேரில் போய்ச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வாள். அவுரேலியோ ஒவ்வொரு தொடலுக்கும் “ஆ!” என்றான். சில சமயம் அவள் தொடாதபோதும் சொன்னான்.

“என்ன அவசரம்?” என்று சிரித்தாள் டாக்டர்.

“எனக்குப் பயம் சாஸ்தி டாக்டரம்மா.”

அடுத்த ஜூனில், புனித பேதுரு திருநாள் அன்று, தெருவெல்லாம் கரி அடுப்பும் மத்தி வாசனையுமாக இருந்தது. படகுக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடோசிண்டா மீன் புரட்டிக்கொண்டிருந்தாள். கருகல் நாற்றம் வந்தது.

“கருகுது பாரு,” என்றான் அவுரேலியோ. “புருஷன் பக்கத்துல இருந்தா இவளுக்குக் கண்ணு அடுப்புல இருக்காது.”

“உன் வாயில போட்டப்புறம் சொல்லு, கருகிச்சா இல்லையான்னு,” என்றாள் அடோசிண்டா. அடுப்பின் மேல் மீன்கள் வெள்ளி மாதிரி கிடந்தன. ஒன்றுகூடக் கருகவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு தண்ணீர்க் குவளையை எடுத்து அவுரேலியோவின் செருப்பில் ஊற்றினாள். குதிகாலுக்கும் செருப்புக்கும் நடுவே ஒரு கங்கு இருந்தது.

அவுரேலியோ கையில் ரொட்டியோடு தன் காலைப் பார்த்தான். அடுத்தவன் காலைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

“சரி. இப்ப தெரிஞ்சுபோச்சு. மீனை எடு,” என்றான்.

அன்றிலிருந்து அவன் தன் மாத்திரையைக் கடலில் போடாமல் விழுங்கினான். பெல்மிரோ தினமும் பக்கத்தில் நின்று பார்த்தான். முதல் மாதங்களில் இருவரும் அதைப் பெரிய விஷயமாகவே நம்பினார்கள். பிறகு குளிர்காலம் வந்தது. அவுரேலியோவின் பாதங்கள் தொங்கத் தொடங்கின. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. இடுப்புக் கயிற்றை இறுக்கி இறுக்கி, கடைசியில் அந்தக் கயிற்றைக் கொண்டு இன்னொரு அவுரேலியோவையும் சேர்த்துக் கட்டலாம் போல ஆயிற்று. மாத்திரை அவன் உடம்பில் பிடிக்கவில்லை. சில பேருக்குப் பிடிக்காது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தாள். அப்படிப்பட்டவர்களுக்குக் கல்லீரலையே மாற்றுவது ஒன்றுதான் வழி. இதயம் கெடுவதற்கு முன்னால் மாற்ற வேண்டும்.

ஆனால் டாக்டரின் கையில் இருந்த அவுரேலியோவின் இரத்தம் அருமையாக இருந்தது.

“புரதம் நல்லா ஏறியிருக்கு. மாத்திரை வேலை செய்யுது,” என்றாள் அவனிடம். “இது அந்த நோய் இல்ல. உங்களுக்கு வைன்தான் எதிரி. அதை விடுங்க, காலும் வயிறும் சரியாகும்.”

அவுரேலியோ வைனை விட்டான். அந்தக் கரையில் அதற்கு முன் நடக்காத விஷயம். மதுக்கடைக்காரர் மூன்று நாள் துக்கம் காத்தார். வயிறு சரியாகவில்லை.

பெல்மிரோ ஒருநாள் காலை வலை உலர்த்துகிற இடத்தில் அவனைப் பிடித்தான்.

“நான் போய்ச் சொல்லிரப் போறேன் மச்சான்.”

“என்னத்தைச் சொல்லுவ?”

“அது என் ரத்தம்னு. என் ரத்தத்தைப் பாத்துட்டு உனக்கு வைத்தியம் பாக்கறாங்க. இப்படியே போனா கல்லீரல் மாத்தக் கூப்புடவே மாட்டாங்க.”

“சொன்னா உன் மாத்திரை நின்னுரும்டா முட்டாப்பயலே. அஞ்சு பேருல அது ஒருத்தனுக்குத்தான் வேலை செய்யுது. அதையும் நாசம் பண்ணுவியா? நான் தண்டல். நான் சொல்றேன், வேணாம்.”

“கடல்லதான் நீ தண்டல்.”

“கரையிலயும்தான்.” அவுரேலியோ அவனை அடிக்க ஓர் அடி எடுத்து வைத்தான். பாதம் மடங்கியது. வலையின் மேல் விழுந்தான். பெல்மிரோ தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எனக்கு இன்னும் சூடு தெரியுது மச்சான்,” என்றான். “காலைல வெந்நீர்ல கால் வெச்சேன். சுட்டுச்சு. ஒவ்வொரு நாளும் அது சுடும்போது உன் ஞாபகம் வருது. இப்படி எத்தனை நாளைக்குக் கால் கழுவறது?”

அவுரேலியோ வலையின் கண்ணிக்குள் விரலை விட்டுக்கொண்டு கிடந்தான். “அடோசிண்டா கிட்ட கேட்டியா?” என்றான் கடைசியில்.

“அவதான் பஸ்ஸுக்குக் காசு குடுத்தா.”

போர்ட்டோவில் டாக்டர் லுக்ரேசியா அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். மீசை விஷயத்தில் கூடச் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஜன்னலருகே நின்றாள்.

“அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி ஏறுதுன்னு ஊரெல்லாம் சொன்னேன்,” என்றாள். “ஒரே மாதிரி ஏன் ஏறுதுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கத் தோணல. நல்ல சேதிங்கிறதால தோணல.”

“என்னைத் திட்டுங்க டாக்டரம்மா.”

“உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது? அவரைக் கூட்டிட்டு வாங்க. நாளைக்கே. அவர் கையிலேர்ந்து நானே எடுக்கறேன்.” கதவு வரை வந்தவள் நின்றாள். “உங்களுக்குத் தெரியும்ல? அஞ்சு பேரையும் எடுத்துருவாங்க. நான் தடுக்க முடியாது. உங்களுக்கு மட்டும் வேற வழியா மாத்திரை வாங்க முடியுமான்னு எழுதிப் பாக்கறேன். வரலாம், வராமலும் போகலாம்.”

“காலு எவ்வளவு நாள் தாங்கும்?”

“தெரியல பெல்மிரோ. நிஜமாவே தெரியல.”

மறுநாள் அவுரேலியோ முதல்முறையாகத் தன் இரத்தத்தைத் தானே கொடுத்தான். புரதம் தரைமட்டத்தில் இருந்தது. இதயத்தைப் படம் எடுத்தார்கள். அதன் சுவர் ஊறிய தோல் மாதிரி தடித்துப் போயிருந்தது. இனிக் கல்லீரல் மாற்றினால் அறுவை மேஜையிலேயே போய்விடுவான் என்றார்கள். போன கோடையில் தெரிந்திருந்தால், என்று ஓர் இளம் டாக்டர் ஆரம்பித்தார். லுக்ரேசியா அவரைப் பார்த்த பார்வையில் அவர் மீதியை விழுங்கினார்.

செஃபெரினோவும் தம்பிமாரும் அதே வாரம் போய்க் கை நீட்டினார்கள். செஃபெரினோவுக்குக் கோளாறு இல்லை. தம்பிமாரில் ஒருவனுக்கு இருந்தது, ஒருவனுக்கு இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து பதில் சொல்வது நின்றுபோயிற்று. ஊருக்கு அப்போதுதான் அவர்களின் பெயர்கள் தேவைப்பட்டன. கோளாறு உள்ளவன் பெயர் ருஃபீனோ. சோதனையில் அவனுக்கு இனி இடமில்லை.

பெல்மிரோவின் மாத்திரைகள் அந்த மாதத்தோடு நின்றன. ‘மாதாவின் பொறுமை’ செஃபெரினோவின் கைக்குப் போயிற்று. துறைமுக அதிகாரி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன மாதிரியே யார் பெயரும் வெளியே போகவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, வெயில் கொஞ்சம் வந்திருந்தது. படகு கிளம்புவதைப் பார்க்க வேண்டும் என்றான் அவுரேலியோ. பெல்மிரோ அவனுக்குக் காலுறை மாட்டிவிட்டுப் பூட்ஸைப் போட உட்கார்ந்தான். அவுரேலியோவின் கால் இப்போது ஒரு பையனின் கால் அளவுக்கு மெலிந்திருந்தது.

“டாக்டரம்மாகிட்டேர்ந்து ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டான் அவுரேலியோ.

“இல்ல.”

“வரும்.”

“வந்தா வரட்டும்.”

“நான் சொன்னதைக் கேட்டிருந்தா உன் காலாவது மிஞ்சியிருக்கும்,” என்றான் அவுரேலியோ. கோபம் இல்லாமல் சொன்னான். கோபப்பட மூச்சு வேண்டுமே. “என்னத்தைச் சாதிச்ச?”

பெல்மிரோ பூட்ஸின் வாரை இழுத்துக் கட்டினான். பிறகு சந்தேகம் வந்து நிமிர்ந்தான்.

“இறுக்கமா இருக்கா மச்சான்?”

“என்னைக் கேட்டா? எனக்கு எப்படிடா தெரியும்?”

பெல்மிரோ வாரை அவிழ்த்தான். பூட்ஸைக் கழற்றித் தன் காலில் மாட்டி எழுந்து நின்றான். இரண்டு அடி நடந்தான். சுண்டுவிரல் பக்கம் உள்ளே ஒரு சின்ன ஆணி குத்தியது. கழற்றி, கத்தியின் பிடியால் ஆணியைத் தட்டி மழுக்கி, மறுபடி போட்டுப் பார்த்தான். இப்போது குத்தவில்லை. அதைக் கழற்றி அவுரேலியோவின் காலில் மாட்டினான். அடுத்த பூட்ஸை எடுத்துத் தன் காலில் போட்டான்.

கீழே செஃபெரினோ இயந்திரத்தைக் கிளப்புகிற சத்தம் கேட்டது.

“சீக்கிரம்டா,” என்றான் அவுரேலியோ. “போயிரப் போறானுங்க.”